ஜான் லாக் போட்ட தப்புக் கணக்கு

1695-ல் லண்டன் கருவூலத்தில் ஒரு காரியம் செய்தார்கள். வரியாக வந்து குவிந்திருந்த பழைய வெள்ளி நாணயங்களில் 57,200 பவுண்டுக்கானதைத் தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள். சட்டப்படி 2,20,000 அவுன்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். தராசு காட்டியது 1,14,000 அவுன்ஸுக்கும் குறைவு. எண்ணினால் கணக்கு சரியாக வருகிறது, நிறுத்தால் பாதியைக் காணோம்.

அந்தப் பாதி எங்கே போனது, அதைச் சரிசெய்யக் கிளம்பிய அரசாங்கம் இழப்பை யார் தலையில் கட்டியது என்பதுதான் இந்தப் பதிவு. இதில் தத்துவஞானி ஜான் லாக் வருவார், ஐசக் நியூட்டன் வருவார், தூக்கில் தொங்கப்போகிற கள்ள நாணயக்காரன் ஒருவனும் வருவான். எனக்குப் பிடித்தவர் இவர்களில் யாரும் இல்லை. வில்லியம் லவுண்ட்ஸ் என்று ஒரு கருவூலச் செயலாளர், அவர்தான். பெரிய தத்துவஞானிக்கும் ஒரு அரசு அதிகாரிக்கும் வாக்குவாதம் நடந்தது, தத்துவஞானி ஜெயித்தார், அதற்கான விலையை ஊரில் இருந்த ஏழைபாழைகள் கொடுத்தார்கள். இது என் கட்சி. பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

முதலில் வெட்டு விவகாரம். 1660கள் வரை இங்கிலாந்தில் நாணயம் கையால்தான் அடிக்கப்பட்டது. வெள்ளித் தகட்டை வட்டமாக நறுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, மேலிருந்து சுத்தியால் ஒரு போடு. அப்படி அடித்த காசு எதுவும் முழு வட்டமாக இருக்காது, ஒன்றைப் போல இன்னொன்றும் இருக்காது. ஆகவே ஓரத்தில் துளியூண்டு கத்தரித்தால் யாருக்கும் தெரியாது. முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஷில்லிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). எடை 6 கிராமும் சொச்சமும். நடுவில் ராணியின் தலை, அதைச் சுற்றிப் புள்ளிகளால் ஆன ஒரு வளையம், வளையத்துக்கு வெளியே ராணியின் பெயரும் பட்டங்களும். ஏல நிறுவனங்களின் இணையதளங்களில் இந்தக் காசுகளின் படங்கள் கிடைக்கின்றன, பொழுதுபோகாத நாளில் பார்க்கலாம். லேசாக வெட்டுப்பட்டதில் எழுத்துகளின் மேல்பாதி போயிருக்கும். அடுத்த கட்டத்தில் எழுத்தே இருக்காது, புள்ளி வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் தாண்டி வெட்டியவர்களும் உண்டு, அதில் ராணியின் முகமும் கழுத்துக் கொசுவமும்தான் பாக்கி. எல்லாமே ஒரு ஷில்லிங்தான். கடைக்காரர் வாங்கிக்கொள்வார், ஏனென்றால் அவரும் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம்.

வெட்டிய துணுக்குகளை உருக்கிக் கட்டியாக்கினால், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளப் பொற்கொல்லர்கள் இருந்தார்கள். தண்டனை சாதாரணமானதல்ல. நாணயத்தை வெட்டுவது ராஜத்துரோகம். பிடிபட்டவன் ஆணாக இருந்தால் தரையோடு இழுத்துப் போய்த் தூக்கு, பெண்ணாக இருந்தால் எரிப்பு. காட்டிக்கொடுத்தால் 40 பவுண்டு பரிசு என்று சட்டமே போட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கத்தரி ஓயவில்லை. ஓரம் நறுக்கியதற்காக ஒரு மனுஷனைச் சாகடிப்பதா என்று ஜூரிகள் தயங்கினார்கள் என்பது ஒரு காரணம். லாபம் அவ்வளவு நிச்சயமானது என்பது பெரிய காரணம்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கையிலேயே இருந்தது. எலிசபெத் காலத்திலேயே, 1561-ல், பிரான்சிலிருந்து வந்த எலோய் மெஸ்த்ரெல் என்பவர் எந்திரத்தில் நாணயம் அடித்துக் காட்டினார். காசு என்னவோ அழகாக வந்தது. ஆனால் சுத்தியல் பிடித்த பழைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை, எந்திரம் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி 1572-ல் மெஸ்த்ரெலை வெளியே அனுப்பிவிட்டார்கள். வேலை போன மனிதருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், 1578-ல் கள்ள நாணய வழக்கில் தூக்கிலிட்டார்கள். அதன்பிறகு இரண்டாம் சார்லஸ் காலத்தில்தான், 1662-63 வாக்கில், எந்திரம் நிரந்தரமாக வந்தது. குதிரை சுற்றும் உருளைகளில் வெள்ளியைத் தகடாக்கி, திருகு அழுத்திகளில் அச்சடித்து, விளிம்பில் கோடோ எழுத்தோ பதித்தார்கள். கிரவுன் என்ற 5 ஷில்லிங் நாணயத்தின் விளிம்பில், இது அழகுக்கும் காவலுக்கும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஓடியது. அந்த விளிம்பில் கத்தரி பட்டால் கையால் தடவினாலே தெரிந்துவிடும். நம் ஊர்ப் பழைய ரூபாய்க் காசின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் கரகரவென்று ஓடுமே, அந்தக் கோடுகளும் இதே குடும்பம்தான்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. இங்கேதான் அரசு சொதப்பியது. புதுக் காசை வெளியே விட்டார்கள், பழைய காசைத் திரும்ப வாங்கவில்லை. இரண்டும் ஒரே மதிப்பு என்று சட்டம் சொன்னது. முழு எடையுள்ள புது ஷில்லிங்கும், நறுக்கித் தேய்ந்த பழைய ஷில்லிங்கும் கடையில் ஒரே சாமானைத்தான் வாங்கித் தரும் என்றால், எந்தப் பைத்தியக்காரன் புதியதைச் செலவு செய்வான்? புதியது பெட்டிக்குள் போனது, இல்லாவிட்டால் உலைக்குள் போனது, அங்கிருந்து கப்பலேறியது. கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்கிற இந்த விதிக்கு எலிசபெத் காலத்து வியாபாரி தாமஸ் கிரஷாமின் பெயரைப் பின்னாளில் ஒட்டிவிட்டார்கள். அவருக்கு முன்பே, 1520களில், பிரஷ்யாவின் நாணயச் சீரழிவைப் பற்றி இதையே எழுதிவைத்தவர் கோப்பர்நிக்கஸ். ஆமாம், அதே கோப்பர்நிக்கஸ்தான். வானத்தை அளந்தவர்களுக்கும் சில்லறைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்கிறது, கீழே நியூட்டனும் ஹாலியும் வரும்போது உங்களுக்கே தோன்றும்.

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. ஊருக்குள் நாணயம் எடையால் ஓடவில்லை, நம்பிக்கையால் ஓடியது, அதனால் வண்டி நிற்கவில்லை. நிறுத்தியது போர். மூன்றாம் வில்லியம் பிரான்சோடு மோதிக்கொண்டிருந்தார், படை கடலுக்கு அப்பால், இன்றைய பெல்ஜியம் பக்கத்து பிளாண்டர்ஸில் கிடந்தது. அங்கே இருக்கிற சிப்பாய்க்கும் ரொட்டிக்காரனுக்கும் இங்கிலாந்து ராஜாவின் சொல் எதற்கு? ஆம்ஸ்டர்டாம் வியாபாரி ஷில்லிங்கை எண்ண மாட்டார், நிறுப்பார். வெளிநாட்டுச் சந்தையில் பவுண்டின் மதிப்பு விழுந்தது. உள்ளூரில் அதே வீழ்ச்சி தங்கக் காசின் விலை ஏற்றமாகத் தெரிந்தது. கினி என்ற தங்க நாணயம் 1663-ல் வந்தபோது 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. 1695 நடுவில் அதே கினி 30 ஷில்லிங். தங்கம் ஏறிவிட்டது என்று ஜனங்கள் சொன்னார்கள், உண்மையில் இறங்கியது ஷில்லிங்.

இந்த நிலையில்தான் நிதியமைச்சர் சார்லஸ் மாண்டேகு, பழையதையெல்லாம் உருக்கிப் புதிதாக அடிப்பது என்று முடிவெடுக்கிறார். எந்த எடையில் அடிப்பது? சண்டை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான்.

லவுண்ட்ஸ் கருவூலத்தில் கீழ்மட்டத்திலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர், பழைய பதிவேடுகளைக் கரைத்துக் குடித்தவர். அவர் போட்ட கணக்கு நேரானது. 1601 முதல் ஒரு டிராய் பவுண்டு (இது எடைப் பவுண்டு, 12 அவுன்ஸ்) ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 62 ஷில்லிங் வெட்டுகிறார்கள், அவுன்ஸுக்கு 5 ஷில்லிங் 2 பென்ஸ் ஆகிறது. ஆனால் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் கட்டி 6 ஷில்லிங் 5 பென்ஸுக்குப் போகிறது. நாணயச்சாலைக்கு வெள்ளி கொண்டுபோகிறவனுக்கு நஷ்டம், நாணயத்தை உருக்குகிறவனுக்கு லாபம். பழைய எடையிலேயே நாம் அடித்தால் மறுநாளே உருக்கிவிடுவான். ஆகவே 5 ஷில்லிங்காக இருக்கிற கிரவுனை 6 ஷில்லிங் 3 பென்ஸ் என்று அறிவித்துவிடலாம், ஒரு பவுண்டு வெள்ளியில் எழுபத்தேழரை ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏற்கெனவே பாதி எடையோடு ஓடிக்கொண்டிருக்கிற ஷில்லிங்கின் எடையைச் சட்டமும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளட்டும் என்பதுதான் சாரம். அரசர்கள் காலங்காலமாக எடையைக் குறைத்தே வந்திருக்கிறார்கள் என்று எட்வர்டுகள் காலத்திலிருந்து பட்டியல் போட்டுக் காட்டினார்.

மாண்டேகு ஊரில் இருந்த பெரிய மூளைகளையெல்லாம் கருத்துக் கேட்டார். செயின்ட் பால் தேவாலயம் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டபர் ரென்னைக்கூட விடவில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து நியூட்டனும் எழுதினார், அவர் கருத்து லவுண்ட்ஸ் பக்கமே சாய்ந்தது. லாக் மட்டும் கொதித்துப்போனார்.

லாக்கின் வாதத்தைக் கேட்டால் உடனே தலையாட்டத் தோன்றும், அதுதான் அதில் ஆபத்து. பணம் என்பது வெள்ளியின் எடை, வேறொன்றுமில்லை. ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு ஒரு அவுன்ஸ் வெள்ளியைவிட அதிக மதிப்பு எப்படி வரும்? சந்தையில் 6 ஷில்லிங் 5 பென்ஸ் என்றால் அது வெட்டுப்பட்ட ஷில்லிங்கில் சொல்லும் விலை, முழு ஷில்லிங் வந்தால் அந்த விலை தானாக 5 ஷில்லிங் 2 பென்ஸுக்கு வந்துவிடும். ஷில்லிங்கின் எடையைக் குறைப்பது, 100 பவுண்டு கடன் கொடுத்தவனிடமிருந்து அரசாங்கமே 20 பவுண்டைத் திருடிக் கடன் வாங்கியவனுக்குக் கொடுப்பது. அடியைப் பதினைந்து பிரிவாக்கி அவற்றுக்கு அங்குலம் என்று பெயர் வைத்தால் அடி நீளமாகிவிடுமா என்கிற மாதிரி ஒரு உவமையும் சொன்னார். மனிதர் எழுத்தில் கெட்டிக்காரர்.

பதில் சொல்ல முடியாத வாதம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அது முப்பது வருஷமாக நடந்ததை நடக்காத மாதிரி நினைத்துக்கொள்கிறது. 1695-ல் 100 பவுண்டு கடன் கொடுத்தவன் கொடுத்ததே பாதி வெள்ளிதான்! நறுக்கிய காசை எண்ணிக் கொடுத்தான், அவனுக்கு முழுக் காசை எண்ணித் திருப்பிக் கொடு என்றால், திருடுவது யார் யாரிடம்? குத்தகை, கூலி, கடைப்பாக்கி எல்லாம் நறுக்கிய ஷில்லிங்கில் பேசிய பேச்சு. வாக்குத் தவறக்கூடாது என்று லாக் எந்த வாக்கைச் சொன்னாரோ, அது நாணயச் சட்டத்தில் எழுதியிருந்த வாக்கு, சந்தையில் இரண்டு பேர் கைகுலுக்கிப் பேசிய வாக்கு இல்லை. பணத்தை வாடகைக்கும் வட்டிக்கும் விட்டவர்களுக்கு அவர் யோசனை கொழுத்த லாபம். லாக்கும் புதிதாகத் தொடங்கிய பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் 500 பவுண்டு போட்டிருந்தவர். அதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், மனிதர் நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

மாண்டேகு லாக்கின் பக்கம் போனார், நாடாளுமன்றமும் போனது. 1696 ஜனவரியில் சட்டம் வந்தது. பழைய எடை, பழைய மதிப்பு, விளிம்பு எழுத்தோடு புதுக் காசு. வெட்டுப்பட்ட காசை வரி கட்டுவதற்கு முகமதிப்பில் வாங்கிக்கொள்வோம், ஆனால் மே 4 வரைதான்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இழப்பை அரசு ஏற்கிறது என்று மேலோட்டமாகத் தெரியும். யாரிடமிருந்து ஏற்கிறது? வரி கட்டுகிறவனிடமிருந்து, அரசுக்குக் கடன் கொடுக்கக் கூடியவனிடமிருந்து. நிலக்கிழாரும் வியாபாரியும் கையிலிருந்த குப்பைக் காசையெல்லாம், முன்கூட்டிய வரி வரைக்கும் கட்டி, கருவூலத்தில் கொட்டினார்கள். கொட்டுவதற்கு முன் இன்னும் ஒரு சுற்று நறுக்கியவர்களும் இருந்தார்கள், எப்படியும் எண்ணித்தானே வாங்கப்போகிறான். நெசவாளிக்கும் கூலிக்காரனுக்கும் பெரிதாகக் கட்ட நேரடி வரி கிடையாது. அவன் கூலியாக வாங்கியதும் அதே நறுக்கிய காசுதான், மே 4 தாண்டியதும் கடைக்காரன் அதைத் தொட மாட்டான், எடைக்குப் போட்டால் பாதிக்குப் பாதி. 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தேதி ஒன்றைக் குறித்தால் அதற்குள் வாசலை அடைய வழி தெரிந்தவன் யார் என்பதுதான் எப்போதும் கேள்வி.

மே வந்தது, புதுக் காசு வரவில்லை. பழையது செல்லாது, புதியது அச்சில் இருக்கிறது, நடுவில் நாட்டில் காசே இல்லை. சந்தையில் அன்றாடச் சாமான் வாங்கக்கூடச் சில்லறை இல்லாமல் கடனிலும் குறிப்புச் சீட்டிலும் ஓட்டினார்கள். இரண்டு வயதுகூட ஆகாத பாங்க் ஆஃப் இங்கிலாந்தை ஆரம்பத்திலிருந்தே கரித்துக்கொட்டிய பொற்கொல்லர்கள், சமயம் பார்த்து அதன் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, உடனே காசாகக் கொடு என்று நின்றார்கள். வங்கி அவர்களுக்குக் கையை விரித்தது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது, அதன் சீட்டு வெளியே தள்ளுபடியில்தான் போனது. மாண்டேகு கருவூலச் சீட்டு என்று ஒன்றை, 5 பவுண்டு 10 பவுண்டு அளவில், அச்சிட்டு விட்டுப் பார்த்தார். பிளாண்டர்ஸில் படைக்குச் சம்பளமில்லை. சில ஊர்களில் கலவரம். லவுண்ட்ஸ் அப்போது என்ன நினைத்திருப்பார்? நான் சொன்னேனே என்று அவர் வாய் திறந்து சொல்லியிருக்க முடியாது, அதே கருவூலத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை நடத்திவைக்கும் வேலையே அவருடையது.

கினியையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. 30 ஷில்லிங்கில் நின்ற தங்கத்தை நாடாளுமன்றம் படி இறக்கியது, முதலில் 28, பிறகு 26, ஏப்ரலில் 22. சரக்கு விலையைச் சட்டம் போட்டு இறக்குகிற ஆசை அரசுகளுக்கு எப்போதும் உண்டு, இந்த முறை சந்தையும் ஓரளவு சேர்ந்து இறங்கியதால் தப்பித்தார்கள்.

நியூட்டன் கதைக்குள் வருவது இந்த நெருக்கடியில். மாண்டேகு அவருடைய பழைய நண்பர், நாணயச்சாலையில் வார்டன் என்ற மேற்பார்வையாளர் பதவி தருகிறேன், வருஷத்துக்கு ஐந்நூறு அறுநூறு பவுண்டு வரும், வேலை அதிகமில்லை என்று 1696 மார்ச்சில் கடிதம் போட்டார். அதாவது சும்மா இருந்து சம்பளம் வாங்கும் பதவி. நியூட்டனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. லண்டன் கோட்டைக்குள் நாணயச்சாலை காலை 4 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓடியது, சுமார் 300 ஆட்கள், உருளைகளைச் சுற்ற 50 குதிரைகள். திருகு அழுத்தியின் கனத்த கையைச் சிலர் கயிறு கட்டி இழுத்துச் சுழற்ற, கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒவ்வொரு அடிக்கும் நடுவே வெற்று வில்லையை அச்சில் வைத்து, அடித்த காசைத் தட்டிவிட வேண்டும், நிமிஷத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல். கை பிசகினால் விரல் நுனி போகும். நியூட்டன் நின்று அளந்து, ஆள் களைக்காமல் அழுத்தி எந்த வேகத்தில் ஓட முடியும் என்று கணக்குப் போட்டார் என்கிறார்கள், நம்பத் தகுந்ததுதான். வாரத்துக்கு 1,00,000 பவுண்டு வரை காசு அடித்தார்கள். பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் என்று ஐந்து ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறந்தார்கள். செஸ்டருக்குத் துணைக் கணக்கதிகாரியாகப் போனவர் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திர ஹாலியேதான். அங்கே திருட்டுக் குமாஸ்தாக்களோடு மல்லுக்கட்டியே அவர் காலம் போனது.

இதில் வேடிக்கை, லவுண்ட்ஸ் யோசனைக்குத் தலையாட்டிய நியூட்டன்தான் லாக்கின் யோசனையை இரவு பகலாக நிறைவேற்றினார். வார்டன் பதவியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது, கள்ள நாணயக்காரர்களைப் பிடித்து வழக்கு நடத்தும் வேலை. முதலில் இது வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று கருவூலத்துக்கு எழுதினார். விடவில்லை என்றதும் அதையும் நியூட்டன் மாதிரியே செய்தார், ஆள் வைத்துத் துப்பறிந்து, சிறைக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் எடுத்தார். எதிரில் சரியான ஆள் ஒருவன் கிடைத்தான். வில்லியம் சாலனர், பர்மிங்காமில் ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டவன், கினி அடித்தான், பிரெஞ்சுத் தங்கக் காசு அடித்தான், பாங்க் ஆஃப் இங்கிலாந்து சீட்டையே அச்சிட்டான். மாட்டியதும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துப் பரிசும் வாங்கினான். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். நாணயச்சாலையில் ஊழல் நடக்கிறது, என்னை உள்ளே விட்டால் கள்ளக் காசு அடிக்கவே முடியாத வழி சொல்கிறேன் என்று நாடாளுமன்றக் குழு முன்னால் போய் நின்றான், நியூட்டனின் நிர்வாகத்தையே சந்தி சிரிக்க வைத்தான். நியூட்டன் மறக்கவில்லை. சாட்சி சாட்சியாகச் சேர்த்து, 1699 மார்ச்சில் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கில் ஏற்றும் வரை விடவில்லை. கடைசியில் அவன் உயிர்ப்பிச்சை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் போகவில்லை.

எல்லாம் முடிந்தபோது செலவு ஏறத்தாழ 27 லட்சம் பவுண்டு. இழப்பை ஈடுகட்ட 1696-லேயே ஜன்னல் வரி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு அடிப்படையாக 2 ஷில்லிங், பத்து ஜன்னலைத் தாண்டினால் கூடுதல், இருபதைத் தாண்டினால் இன்னும் கூடுதல். ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சட்டத்தோடு சுவர் நிற்பதை இன்றும் பார்க்கலாம் (சிலது அழகுக்காகவே அப்படிக் கட்டியது, எல்லாவற்றையும் வரிக்கணக்கில் எழுதிவிடக் கூடாது). அந்த வரி 1851 வரை போகவில்லை. தற்காலிகம் என்று வந்த வரி எந்த நாட்டில்தான் தற்காலிகமாக இருந்திருக்கிறது.

அப்புறம், புதுக் காசு நிலைத்ததா? லாக் சொன்னபடி வெள்ளி விலை 5 ஷில்லிங் 2 பென்ஸில் நிற்கவில்லை, அதற்கு மேலேயேதான் இருந்தது. ஆகவே முழு எடை ஷில்லிங் லவுண்ட்ஸ் சொன்ன வழியிலேயே போனது, உலைக்கு. இங்கிலாந்து நாணயத்தை ஏற்றுமதி செய்வது குற்றம், வெளிநாட்டு வெள்ளியை ஏற்றுமதி செய்யலாம். உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் எது எந்த நாட்டு வெள்ளி? இது இங்கிலாந்துக் காசை உருக்கியதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள், சத்தியம் செய்ய ஆள் கிடைக்காத ஊரா.

வெள்ளி எங்கே போனது என்ற கணக்கில் நம் பக்கமும் உண்டு. 1717 செப்டம்பரில், இப்போது நாணயச்சாலையின் தலைவராக இருந்த நியூட்டன், கருவூலத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு பங்கு தங்கத்துக்கு ஒன்பது பத்துப் பங்கு வெள்ளி, இந்தியாவில் பன்னிரண்டு பங்கு போல, ஐரோப்பாவில் பதினைந்துக்கு அருகே. வெள்ளியைக் கொண்டுபோனால் கிழக்கே அதற்குத் தங்கம் அதிகம் கிடைக்கும், ஆகவே ஐரோப்பாவின் வெள்ளியெல்லாம் அங்கே இழுக்கப்படுகிறது என்று எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துணிக்கும் வங்காளத்துப் பட்டுக்கும் கொண்டுவந்த முக்கியமான சரக்கே வெள்ளிதான், ஐரோப்பியக் கம்பளித் துணியை இந்த வெயிலில் யார் வாங்குவார்கள்.

அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதன் தயக்கம். கினி அப்போது 21 ஷில்லிங் 6 பென்ஸுக்கு ஓடியது. மற்ற ஐரோப்பிய நாடுகளின் விகிதத்துக்கு வரவேண்டுமானால் 10 அல்லது 12 பென்ஸ் குறைக்க வேண்டும் என்று கணக்குக் காட்டிவிட்டு, இப்போதைக்கு 6 பென்ஸ் மட்டும் குறைத்துப் பார்ப்போம், விளைவைப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யலாம் என்றார். பரிசோதனை செய்து பழகியவரின் புத்தி. டிசம்பரில் அரச ஆணை வந்தது, இனி கினி 21 ஷில்லிங்குக்கு மேல் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. அடுத்த இறக்கம் எப்போது என்று ஊரே வெள்ளியைப் பதுக்க ஆரம்பித்தது. பயந்துபோன நாடாளுமன்றம், இனிமேல் எதையும் மாற்ற மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. மீதி குறையவே இல்லை. தங்கத்துக்கு இங்கிலாந்தில் கொஞ்சம் கூடுதல் விலை நிலைத்துவிட, தங்கம் உள்ளே வந்தது, வெள்ளி வெளியே போனது, நாடு யாரும் தீர்மானிக்காமலே தங்கத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. ஒரு அவுன்ஸ் நாணயத் தங்கம் 3 பவுண்டு 17 ஷில்லிங் பத்தரை பென்ஸ் என்ற அந்த விலை, போர்க்கால இடைவெளிகளைக் கழித்தால், 1931 வரை நின்றது. பரிசோதனையைப் பாதியில் நிறுத்தியதில் வந்த எண் அது!

லவுண்ட்ஸ் 1724-ல் இறக்கும் வரை அதே கருவூலச் செயலாளர் நாற்காலியில் இருந்தார். பென்ஸைப் பார்த்துக்கொள், பவுண்டு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சை ஆங்கிலேயர்கள் அவர் வாயிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். அவர் காலத்துக்குப் பின் பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்தில் வெள்ளிச் சில்லறைக்குப் பஞ்சம், முதலாளிகள் சொந்தமாகச் செம்பு வில்லை அடித்துக் கூலி கொடுக்கும் அளவுக்குப் போனது. கடைசியில் 1816-ல் சட்டம் போட்டு வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தார்கள், ஒரு பவுண்டு வெள்ளிக்கு 62-க்குப் பதில் 66 ஷில்லிங். உருக்கினால் நஷ்டம் என்று ஆனதும் ஷில்லிங் ஊருக்குள்ளேயே தங்கியது. லவுண்ட்ஸ் கேட்டது 77½, கிடைத்தது 66, அதுவும் 120 வருஷம் கழித்து.